ஆவாரம்பூவும் செட்டு மாத்திரையும்

நான் ஆவாரம்பூவில் பட்டம் வாங்கியவள். எம்.பார்ம். ஆய்வேட்டின் பொருள், மருந்தால் கெடும் சிறுநீரகத்தை ஆவாரம்பூச் சாறு காப்பாற்றுமா என்பது. காப்பாற்றும் என்று எழுதி, வைவாவில் தலையாட்டி, சான்றிதழும் வாங்கிவிட்டேன். அந்தச் சாற்றை என் வீட்டில் இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. தெருவில் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. இதை வெளியே சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் கூச்சம்தான். சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ எதுக்கும்மா அத்தப் படிச்ச?"

ஆவாரையைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, எங்கள் ஊர் என்றுகூடச் சொல்லலாம். ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் பிறந்தேன். அப்போது வேலூர் மாவட்டம். 2019இல் மூன்றாகப் பிரித்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை, தோலோடு சம்பந்தமில்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் தாத்தா டேனரியில் பட்டைக் குழியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்த தோலை ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் இறக்கி, வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் போட்டு, முடிவில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி எடுப்பார்கள். பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தோல் அழுகாது. இப்படிப் பதமான தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் மதராஸ் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. பிறகு வாட்டில் பட்டை வந்தது. 1970களில் பச்சைத் தோலாகவும் அரைப்பதத்திலும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்த, குரோமியம் பரவியது. குழி போய் டிரம் வந்தது, வாரங்கள் நாட்களாகின. வேலையிழந்த ஆவாரை ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக்கொண்டு நின்றது.

அதைப் பாட்டி விடவில்லை. பூவைப் பறித்து, முறத்தில் காயவைத்து, சர்க்கரைக்கென்று கஷாயம் போட்டுக் குடித்தாள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வாள். அதே கஷாயத்தைக் குடித்த தாத்தா முந்திக்கொண்டார். பாட்டி பழமொழியை மாற்றிக்கொள்ளவில்லை.

எம்.பார்ம். இரண்டாம் வருஷம் தலைப்பு தேடியபோது ஆவாரை தானாக மேலே வந்தது. மணிப்பால் மருந்தியல் கல்லூரியில் ஏற்கெனவே இதைத் தொட்டிருந்தார்கள். 2004இல் சிறுபீளை, 2005இல் ஆவாரை வேர். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்தச் சிறுபீளைதான். சிஸ்பிளாட்டின், ஜென்டாமைசின் ஆகிய இரண்டு மருந்துகளால் எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தச் சாறுகள் தடுக்கின்றனவா என்று பார்த்த ஆய்வுகள் அவை. இரண்டிலும், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் குறைந்தன. வேரை அவர்கள் எடுத்துவிட்டதால் எனக்குப் பூ கிடைத்தது. இந்தத் துறையில் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. வேர் முடிந்தால் இலை, இலை முடிந்தால் விதை.

சிறுநீரகம் ஏன் மருந்துக்கு இவ்வளவு எளிதாக அடிபடுகிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. உடல் எடையில் நூற்றில் அரைப் பங்கு இருந்தால் அதிகம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்தான் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் வெளியே விட்டுவிட்டு, மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. திருப்பி எடுக்கிற வேலையில் பெரும்பங்கைச் செய்வது வடிகட்டியை அடுத்து வரும் நுண்குழாய்ச் செல்கள். தண்ணீரும் உப்பும் வேண்டியதுதான். கூடவே வேண்டாததும் உள்ளே வந்துவிடுகிறது. ஜென்டாமைசின் அப்படித்தான் நுழைகிறது. அந்தச் செல்களின் மேல் மெகாலின் என்ற புரதம் இருக்கிறது. வடிந்து வரும் புரதங்களைப் பிடித்து உள்ளே இழுப்பது அதன் வேலை. ஜென்டாமைசினையும் அது பிடித்து இழுத்துவிடும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு மருந்து செல்லுக்குள் சேர்ந்து, செல் செத்து விழுகிறது.

ஜென்டாமைசின் 1963இல் அமெரிக்காவில் ஷெரிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த கிருமிக்கொல்லி மருந்து. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, விலையும் மலிவு. எடுத்துக்கொள்வோரில் நூற்றுக்கு 10 முதல் 25 பேருக்கு ஏதோ ஓர் அளவில் சிறுநீரகம் அடிபடுவதாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கெடுதல் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அப்போதும் சிறுநீர் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. நல்லவேளையாக, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காதில் பட்டால்தான் திரும்பாது.

பரிசோதனை இப்படி நடக்கும். வெள்ளை எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்போம், கூட்டத்துக்கு ஆறு. ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒரு கூட்டத்துக்கு ஜென்டாமைசின் மட்டும். மற்றவற்றுக்கு ஜென்டாமைசினோடு சாறு, குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். மனிதருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை போடும் மருந்தை, எலிக்கு 80 முதல் 100 வரை ஒரு வாரத்துக்கு மேல் போடுவது வழக்கம். முடிவில் ரத்தம் எடுத்துக் கிரியேட்டினின் பார்ப்போம். 1886இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்ட முறைதான் இன்னும்: கார பிக்ரேட் கரைசலில் கிரியேட்டினின் இருந்தால் ஆரஞ்சு ஏறும். ஜென்டாமைசின் கூட்டத்தின் குழாய்கள் அடர் ஆரஞ்சு. சாறு குடித்த கூட்டம் வெளிறிய மஞ்சள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மஞ்சளில் பாட்டி தெரிந்தாள் என்று எழுதினால் மிகை. ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில், இந்தச் சாறு நோயாளிகளுக்கும் பயன்படக்கூடும் என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி எழுதாத ஆய்வேட்டை நான் பார்த்ததில்லை. எழுதும்போதே அதன் அடியில் என்னென்ன இல்லை என்பது எனக்குத் தெரியும். எந்தக் கண்ணாடித் தகடு எந்தக் கூட்டத்து எலியின் சிறுநீரகம் என்று தெரிந்துகொண்டேதான் நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் போட்டேன். சாறு ஜென்டாமைசினிடமிருந்து கிருமியையும் சேர்த்தே காப்பாற்றிவிடுகிறதா என்று நான் பார்க்கவில்லை. என் எலிகளுக்குக் கிருமியே கிடையாது. எல்லாவற்றையும் விட, எலிக்குக் கெடுதல் எதனால், எவ்வளவு, எந்தத் தேதியில் வரப்போகிறது என்பதை முடிவு செய்தவளே நான்தான். சாறு அந்தத் தேதிக்குத் தயாராக உள்ளே போய்க் காத்திருந்தது. மணிப்பாலில் சிஸ்பிளாட்டின் கொடுத்த பிறகும் சாறு கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் பலன் கிடைத்தது. அங்கேயும் விஷத்தின் பெயர், அளவு, தேதி மூன்றும் நோட்டில் இருந்தன. அந்த மூன்றும் இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பதை நான் பார்த்தது சின்னம்மா விஷயத்தில்.

சின்னம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். தோலில் அப்பர் தைக்கும் வேலை. நாள் முழுக்கக் குனிந்த முதுகு. பாத்ரூமுக்கு அடிக்கடி எழுந்தால் சூப்பர்வைசர் முகம் மாறும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்கள் அந்த வரிசையில் நிறைய. 2006இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா வந்து போனதே, அதில் அவளுக்குக் காய்ச்சல் போனாலும் மூட்டு வலி போகவில்லை. வலிக்கு அவள் கண்ட வழி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "ஒரு செட்டு குடுங்கண்ணே" என்பது. பட்டையிலிருந்து வெட்டி எடுத்த நாலைந்து மாத்திரைகளை ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, சில இடங்களில் ஸ்டீராய்டும் ஒன்று. உறையின் மேல் காலை, மாலை என்று பேனாவால் கோடு மட்டும் இருக்கும்.

வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டினாள். ஒரு மே மாதம், வேலூர் வெயில் 42 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த வாரத்தில், வாந்தியும் பேதியும் வந்தது. உடம்பு வலிக்கிறதே என்று செட்டு மாத்திரையை மட்டும் விடவில்லை. பிரஷர் மாத்திரையையும் விடவில்லை. அதில் சிறுநீர் போக வைக்கும் மருந்தும் கலந்திருந்தது. முகம் வீங்கி, சிறுநீர் சுருங்கி, வேலூருக்குக் கொண்டுவந்தபோது கிரியேட்டினின் நாலுக்கு மேல். அவள் உடம்புக்கு ஒன்றைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும்.

பணியிலிருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை போட்டாங்க?"

சித்தப்பா உறையை நீட்டினார். "இதாங்க மேடம். பேரு தெரியல. வெள்ளைல ரெண்டு, மஞ்சள்ல ஒண்ணு."

நான் மாத்திரைகளை ஒரு தாளில் பரப்பினேன். வெட்டின பட்டையின் பின்பக்கம் பாதி எழுத்து மிஞ்சியிருந்த இரண்டில், ஒன்று டைக்ளோஃபெனாக். இன்னொன்று வயிற்றுக்கு. மூன்றாவது கடைசி வரை தெரியவில்லை. பட்டம் வாங்கியவளாக அங்கே நான் செய்ய முடிந்த ஒரே உருப்படியான காரியம் அந்தப் பாதி எழுத்தைப் படித்ததுதான்.

அடுத்து நான் செய்ததை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு. மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 65. சின்னம்மா 50 கிலோ. ஆக ஒரு நாளைக்கு 3.2 கிராம் சாறு. பத்தில் ஒரு பங்கு சாறு இறங்கும் என்று வைத்தால் காய்ந்த பூ 30 கிராமுக்கு மேல். ஒரு கைப்பூவைப் போட்டுப் பாட்டி காய்ச்சிய கஷாயம் அதன் பக்கத்தில்கூட வராது. அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. சிறுநீர் சரியாகப் போகாத ஒரு பெண்ணுக்கு, என்னென்ன இருக்கிறதென்று முழுசாகத் தெரியாத, பொட்டாசியம் எவ்வளவு என்று நான் அளந்தே பார்க்காத ஒரு கெட்டிச் சாற்றைத் தினமும் கொடுப்பதா? சிறுநீரகம் நின்றுபோகும் வேளையில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். என் ஆய்வேட்டின் கடைசி வரியை நானே நம்பவில்லை என்பது எனக்கு உறுதியானது அந்த பெஞ்சில்தான். நம்பியிருந்தால் கேட்டாவது பார்த்திருப்பேன்.

உள்ளே நடந்த வைத்தியம் பார்க்கச் சுவாரசியமில்லாதது. வலி மாத்திரையை நிறுத்தினார்கள். பிரஷர் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அளந்து சலைன் ஏற்றினார்கள், சிறுநீரை அளந்து எழுதினார்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதம் ஜென்டாமைசினுடையது அல்ல. உடம்பில் தண்ணீர் வற்றும்போது, வடிகட்டிக்குள் போகும் ரத்தக்குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ள புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கும். வலி மாத்திரை நிறுத்துவது அந்தச் சுரப்பைத்தான். நன்றாகத் தண்ணீர் குடிக்கிற உடம்பு தாங்கிக்கொள்ளும். பேதியில் வற்றிய உடம்பில், பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால், வடிகட்டிக்கு ரத்தம் போவது ஏறக்குறைய நின்றுவிடும். சின்னம்மாவுக்கு நடந்தது அதுதான். செல் பெரிதாகச் சாகவில்லை, பட்டினி கிடந்தது. தண்ணீர் போனதும் எழுந்துகொண்டது. டயாலிசிஸ் இல்லாமலே வீடு திரும்பினாள்.

டைக்ளோஃபெனாக் என்றதும் எனக்குப் பாறுக் கழுகு ஞாபகம் வரும். செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்ட பிறகு மீதியைத் துப்புரவாக்கியது கழுகுக் கூட்டம் என்று தாத்தா சொல்வார். 1990களில் இந்தியா முழுக்க அவை சரிந்தன. 2004இல் வெளியான ஆய்வில் காரணம் தெரிந்தது: மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் நின்று, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்புபோலப் படிந்து, கழுகு செத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க 2015இல் குப்பியின் அளவையும் 3 மில்லியாகக் குறைத்தார்கள். கழுகுக்கு மூலிகை தேடவில்லை, மருந்தை எடுத்தார்கள்.

இனி, சின்னம்மா பிழைத்த கதை தெருவில் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூன்றாவது நாள் பிளாஸ்கில் கஷாயம் கொண்டுவந்தார். ஆவாரம்பூவும் மூக்கிரட்டை வேரும். நர்ஸ் திரும்பின நேரத்தில் சின்னம்மா இரண்டு வாய் குடித்துவிட்டாள். மறுநாள் சிறுநீர் நன்றாகப் போனது. அவ்வளவுதான். "டாக்டருங்க வெறும் தண்ணி ஏத்திக்கினு இருந்தாங்க. நம்ம கஷாயந்தான் கிட்னியத் தெறந்து வுட்டுச்சு. நீ கூட அத்தத்தானம்மா படிச்ச?" என்று பெரியம்மா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். என்ன சொல்வது? சலைன் ஏறிய நான்காவது நாள் சிறுநீர் வருவது எதிர்பார்த்ததுதான். ஆனால் சின்னம்மாவுக்குக் கன்ட்ரோல் கூட்டம் கிடையாதே. கஷாயம் குடிக்காத இன்னொரு சின்னம்மாவை எங்கே போய் நிறுத்துவேன்? சிரித்து வைத்தேன். நான் சிரித்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு தெருவில் கேள்விகள் இன்னும் கூடின.

அதிலொருவர் கேட்டதற்கு மட்டும் உட்கார்ந்து பதில் சொன்னேன். வாய்ப்புற்றுக்கு சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டிருந்தவர். "கிட்னிய இந்த ஊசி அடிச்சிடுமாமே, பூவக் காய்ச்சிக் குடிக்கட்டுமா?" சிஸ்பிளாட்டினின் கதை 1965இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் நடத்திய ஒரு பரிசோதனையில் தொடங்குகிறது. மின்சாரம் கிருமியின் வளர்ச்சியை என்ன செய்கிறது என்று பார்க்கப் போய், மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் செல் பிரிவதை நிறுத்துகிறது என்று கண்டார். பிரியும் செல்லை நிறுத்துவதால் புற்றுக்கு மருந்து. நுண்குழாய்ச் செல்லில் போய்ச் சேர்வதால் சிறுநீரகத்துக்கு விஷம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடி விழுகிறது. முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவதும், மக்னீசியம் சேர்ப்பதும் அதைக் குறைக்கும் என்று மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். மூலிகைச் சாறு எலியின் சிறுநீரகத்தைக் காக்கிற அதே வழியில் புற்றுக் கட்டியையும் காத்துவிட்டால்? பெரும்பாலான எலி ஆய்வுகளில், என்னுடையதைப் போலவே, எலிக்குக் கட்டி கிடையாது. அதனால் அந்தக் கேள்விக்கு அவற்றில் பதிலும் கிடையாது. அவரிடம் சொன்னேன்: "வேணாண்ணே. ஊசி அன்னிக்கு எவ்ளோ தண்ணி குடிக்கணும்னு டாக்டரக் கேட்டு அத்தக் குடிங்க. வலி மாத்திரை மட்டும் கடைல வாங்காதீங்க." அவருக்கு ஏமாற்றம்தான். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல எம்.பார்ம். எதற்கு?

சிறிய ஆய்வில் ஜெயித்தது பெரிய ஆய்வில் தோற்பது நம் மூலிகைக்கு மட்டும் வரும் தலைவிதி அல்ல. என்-அசிட்டைல் சிஸ்டீன் என்று ஒரு மருந்து. ஸ்கேனுக்குப் போடும் சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இது காக்கும் என்று 2000இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஆக்சிஜன் சிதைவைத் தடுக்கும் குணம்தான் காரணம் என்றார்கள். ஆவாரைக்கும் சிறுபீளைக்கும் நாங்கள் எழுதுகிற அதே காரணம். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். பிறகு 5,000 பேர் அளவில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று யாருக்கும் தெரியாமல் நடத்திய பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை.

செடி என்பதால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைதான் எனக்கு இதிலெல்லாம் பெரிய பயம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் சுமார் 100 பேருக்குச் சிறுநீரகம் சுருங்கிப் போனது. ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டலோகியா இனத்துச் செடி கலந்துவிட்டது காரணம். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. எங்கள் கொல்லைமேட்டில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளை அந்த இனம்தான். ஆடு தொடாததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பூச்சிக்கும் சொறிக்கும் உள்ளுக்குக் கொடுக்கிற கைவைத்தியம் இன்னும் இருக்கிறது. கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று பிலிம்பிக் காய்ச் சாற்றைக் குடித்தவர்களின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகம் அடைத்துக்கொண்டதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

குரோமியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். பொட்டாசியம் டைகுரோமேட்டை எலிக்கு ஊசியாகப் போட்டால் சிறுநீரக நுண்குழாய் கெடும். ஆய்வகங்களில் அதுவும் ஒரு வழக்கமான மாதிரி. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மலை அந்த வகைக் குரோமியம். டேனரி டிரம்மில் போடுவது வேறு வகை, உடம்புக்குள் அவ்வளவு எளிதில் ஏறாது. பாலாறு கெட்டது உண்மை. உச்ச நீதிமன்றம் 1996இலும் 2025இலும் அதைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஆனால் ஊரில் ஒவ்வொரு கிரியேட்டினினுக்கும் டேனரியைக் கைகாட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது: சட்டைப்பையில் இருக்கும் காகித உறையைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது வேலூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. 1971இல் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த ஊர் இது. கிட்னிக்காக வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து லாட்ஜ் எடுத்துத் தங்குகிறார்கள். கவுன்டருக்கு வருகிறவர்களிடம், வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கஷாயப் பொடி உட்பட ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். பட்டையை வெட்டும்போது பெயர் உள்ள பக்கம் அவர்களிடம் போகும்படி வெட்டுவேன். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு வாந்தி பேதி வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யச் சொல்வேன். முதலாளிக்கு இதெல்லாம் நேர விரயம்.

போன மாதம் எம்.பார்ம். படிக்கிற பையன் ஒருவன் பார்க்க வந்தான், வாணியம்பாடிக்காரன்.

"ஜென்டாமைசின் மாடல்தான்க்கா. ஆவாரை விதை யாரும் பண்ணலன்னு சார் சொன்னாரு."

பண்ணு, ஆனால் சாற்றை ஜென்டாமைசின் முடிந்து கிரியேட்டினின் ஏறின பிறகு தொடங்கு, கண்ணாடித் தகட்டை எண் போட்டு வேறொருவரிடம் கொடு, எந்தக் கூட்டம் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்றேன்.

"அப்பிடிப் பண்ணா ரிசல்ட் வராதேக்கா."

"வராமலும் போகலாம்."

"எலியும் அதிகமாகும். எத்திக்ஸ் கமிட்டில கேப்பாங்க."

அவன் சொன்னது சரிதான். மருந்தை நிறுத்தினாலே எலியின் சிறுநீரகம் தானாகத் திரும்பும். அதனால் ஜென்டாமைசினுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்காமல் விட்ட கூட்டம் ஒன்றும் வேண்டும். தாளில் கட்டம் போட்டோம். ஒன்றும் கொடுக்காதது, ஜென்டாமைசின் மட்டும், அதோடு பின்னால் சாறு குறைந்த அளவு, கூடிய அளவு. பேனாவை மூடப் போனவன் நிறுத்தி, இன்னொரு கட்டம் வரைந்தான்.

"ஒரு கூட்டத்துக்கு ஜென்டாமைசின் போட்டுட்டு வெறும் தண்ணி மட்டும் எக்ஸ்ட்ராவா குடுத்துப் பாக்கலாமாக்கா? சாறு அதோட மோதட்டும்."